எங்குமில்லா நாட்டில் தெருப் பெருக்குவார் யார்?

சென்ற ஆண்டு ஒருநாள், மேல்நாட்டறிஞர் தம் கற்பனையால் அமைத்த நன்னாடுகளைக் குறித்து எம் மாணாக்கர்க்குக் கூறிக்கொண்டிருந்தோம். அந்நாடுகளில் பசியில்லை, வழக்கில்லை, பொன்னுக்கு மதிப்பில்லை, நாளொன்றுக்கு ஆறு மணி நேர உழைப்பே உண்டு என்று யாம் அடுக்கிச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வியந்து கேட்டிருந்தனர். கடைசிப் பலகையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த ஊரிலே தெருப் பெருக்குகிறவர் யார்?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. யாமும் உடன் நகைத்தோம் என்பதை மறைத்தல் முறையன்று. அவன் மட்டும் நகைக்கவில்லை. அவன் தந்தையார் நகரத் துப்புரவுப் பணியில் இருப்பவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். மணியடித்ததைச் சாக்காகக் கொண்டு அன்று விடை கூறாமலே வெளியேறினோம். இல்லஞ் சேர்ந்து அந்நூல்களை மீண்டும் எடுத்து ஆராய்ந்தபொழுது, பேரறிவாளர் பலர் அச்சிறுவனுடைய வினாவின்முன் தடுமாறி நின்றிருத்தலைக் கண்டோம். கண்டவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நம் காப்பியங்களில் நாட்டுப்படலமும் நகரப்படலமும் உளவே, அவற்றை விட்டு மேல்நாட்டு நூல்களை நாடுவானேன் என்று சிலர் கேட்டல் கூடும். அப்படலங்கள் உள்ள நாட்டின் வளத்தை உயர்த்திப் பாடுவன. யாம் கூறப் புகுந்த நூல்களோ, உள்ள நாட்டை ஒருபுறம் ஒதுக்கி, அரசு, இல்லறம், தொழில், உடைமை ஆகிய அனைத்தையும் அடிமுதல் வேறாக அமைத்துக் காட்டுவன. இரண்டும் வெவ்வேறு இனம் என்க.

இவ்வினத்து நூல்களுக்குத் தலைமகனாராகக் கிரேக்க நாட்டுப் பிளேட்டோவைக் கூறுதல் மரபு. ஏறக்குறைய கி.மு. 375-இல் இயற்றப்பெற்ற 'குடியரசு' என்னும் நூலில் அவர் ஒரு நகரைச் சொல்லாற் கட்டினார். அதில் ஆள்வோர், காப்போர், உழவு முதலிய தொழில் செய்வோர் என மூவகையார் உளர். முதல்வகையார்க்கு உயிரிற் பொன்னும், இரண்டாம் வகையார்க்கு வெள்ளியும், மூன்றாம் வகையார்க்கு இரும்பும் வெண்கலமும் கடவுளாற் கலக்கப்பட்டன என்று ஒரு கதையை மக்களுக்குச் சொல்லி நம்பச் செய்யவேண்டும் என்றார் அவர். அது கதை என்பதை அவரே மறைக்கவில்லை. பொன்னுக்கு இரும்பு பிறத்தலும், இரும்புக்குப் பொன் பிறத்தலும் உண்டென்றும், அங்ஙனம் பிறந்த மகவை உரிய வகுப்பிற்கு மாற்றுக என்றும் ஓரிடத்தே கூறியுள்ளார். ஆயினும், பெரும்பாலும் தம்மை ஒத்த மக்களையே பெறுவர் என்று அதனுடன் சேர்த்துச் சொல்லிவிட்டார். பிறப்பை வைத்து மக்களைத் தரம் பிரிப்போர்க்கு எந்நாட்டிலும் ஒரு கதை தேவைப்படுகின்றது என்பதை இதனால் உணரலாம். காவலர் பயிலவேண்டிய இசையையும் உடற்பயிற்சியையும் ஏடேடாக விரித்த அவ்வறிஞர், மூன்றாம் வகுப்பார் வாழ்வைக் குறித்துச் சொன்னது மிகச் சிறிது.

பின்னர் ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு மேற் கழிந்து, இவ்வினத்திற்குப் பெயர் கொடுத்த நூல் தோன்றியது. இலண்டன் மாநகரில் 1478-இல் பிறந்த சட்ட வல்லுநர் தாமஸ் மோர் என்பார் இலத்தீன் மொழியில் இயற்றிய 'உட்டோப்பியா' 1516-இல் லூவேன் நகரில் அச்சேறியது. இச்சொல் கிரேக்க மொழியில் 'இடமில்லை' எனப் பொருள்படும். ஒலியைச் சிறிது திரித்தால் 'நல்லிடம்' என்றும் ஆகும். இரண்டும் ஒருங்கே தோன்றுமாறு ஆசிரியர் அமைத்த சொல்விளையாட்டு இது.

நூலின் முதற்பகுதியில் நாடில்லை, நாட்டின் நோயே உண்டு. அக்காலத்து இங்கிலாந்தில் திருடருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. எத்துணைப் பேரைத் தூக்கிலிட்டும் திருட்டு ஏன் குறையவில்லை என்ற வினாவை மோர் எழுப்பினார். ஆட்டுமயிர் வாணிகத்தில் ஊதியம் மிகுந்ததனால் நிலக்கிழார் விளைநிலங்களை வேலியடைத்து மேய்ச்சற் புலமாக்கினர். உழவர் குடி பெயர்ந்தனர். வேலையும் வீடும் இழந்தவர் திருடினர். சாதுவான ஆடுகள் மனிதரையே விழுங்கத் தொடங்கிவிட்டன என்று அவர் கூறியது பெயர்பெற்ற கூற்று. நோயை இங்ஙனம் காட்டிய பின்னரே இரண்டாம் பகுதியில் ரபேல் என்னும் கடலோடி தான் கண்ட தீவினை விரித்துரைக்கின்றான்.

அத்தீவில் ஐம்பத்துநான்கு நகரங்கள் உள. நிலம் ஒருவர்க்கும் தனியுடைமையன்று. வீடுகளையும் பத்தாண்டுக்கு ஒருமுறை குடவோலை போன்றதொரு முறையால் மாற்றிக்கொள்வர். அனைவரும் உழவு பயில்வர். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே உழைப்பர். எஞ்சிய பொழுதிற் பலர் நூல் பயில்வர். பொன்னால் மலக்கலங்களும், குற்றவாளிகளைப் பிணிக்கும் சங்கிலிகளும் செய்வர். ஒருமுறை அயல்நாட்டுத் தூதர் சிலர் உடலெங்கும் பொன் பூண்டு வந்தனர். அவர்கள்முன் எளிய உடையில் நடந்த ஏவலாளரையே தூதரென்று எண்ணி ஊரார் வணங்கினர். தூதரை அடிமைகள் எனக் கருதிப் பொருட்படுத்தவில்லை. இவ்விடத்தைப் படிக்குந்தோறும் எமக்கு நகை அடங்குவதில்லை. வகுப்பிலும் இதனையே மிக விரித்துச் சொன்னோம்.

ஆயின், அச்சங்கிலியின் மறுமுனையில் இருந்தவன் யார் என்று யாம் சொல்லவில்லை. உட்டோப்பியாவில் அடிமைகள் உளர். தம் நாட்டிற் பெருங்குற்றம் செய்தோர், போரிற் பிடிபட்டோர், பிற நாடுகளில் இறப்புத் தண்டனை பெற்று விலைக்கு வாங்கப்பட்டோர், அயல்நாட்டினின்றும் தாமாகவே வந்து உழைக்கும் ஏழைகள் ஆகியோர் அவ்வினத்தினர். இவர்களுட் கடைசியாரை மட்டும் அன்போடு நடத்தி, விரும்பியபொழுது செல்லவும் விடுவர். அடிமையின் மகவு அடிமையாகாது என்ற ஒரு நல்ல விதியும் உண்டு. ஊரார் ஒருங்கு கூடி உண்ணும் பெருங்கூடத்திற் பெண்டிர் முறைவைத்துச் சமைப்பர். கடினமும் அழுக்குமான பணிகள் அடிமைகளுடையன. விலங்குகளை நகர்ப்புறத்தே கொன்று கழுவிக் கொணர்தலும் அவர் கடன். குடிமக்கள் அத்தொழிலைச் செய்யின் அவர் நெஞ்சின் இரக்கம் தேய்ந்துபோம் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். அடிமையின் நெஞ்சு தேய்ந்தால் என்னாம் என்பதை நூல் கேட்கவில்லை. ஏழைத் திருடனுக்காக உருகி எழுதிய கையே இதனையும் எழுதிற்று. எட்டாம் ஹென்றி மன்னனைத் திருச்சபைக்குத் தலைவனாக ஏற்க மனம் ஒப்பாமல் 1535-இல் தலை கொடுத்த நெஞ்சுரமுடையார் அவர். அத்தகையாரும் உண்ட கலத்தைக் கழுவுவோரை ஊர்க்குப் புறம்பாகவே வைத்து எண்ணினார். நம் ஆண்டுவிழாப் பந்தியில் எச்சில் இலை எடுப்போர் யாவர் என்பதை அன்பர்கள் இவ்விடத்தே ஒரு கணம் நினைத்துக்கொள்க, யாமும் நினைத்துக்கொண்டோம்.

மோருக்குப் பின் இவ்வினாவை நேர்நின்று நோக்கியவர் இத்தாலியத் துறவியார் காம்பனெல்லா. 1568-இல் கலாப்ரியாவிற் பிறந்த இவர், ஸ்பானியர் ஆட்சிக்கெதிராகச் சூழ்ச்சி செய்தார் என்று 1599-இல் பிடிக்கப்பட்டுக் கடுமையாக வதைக்கப்பட்டார். இருபத்தேழு ஆண்டுகள் சிறையிற் கழித்தார். அச்சிறையில் இருந்தே 1602-இல் 'கதிரவன் நகரம்' என்னும் நூலை எழுதினார். அஃது இலத்தீனில் 1623-இல் வெளிவந்தது. ஏழு மதில் சூழ்ந்த அந்நகரின் சுவர்களிற் கலைகள் அனைத்தும் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கும். பிள்ளைகள் சுவரைச் சுற்றி விளையாடியே கற்பர். பள்ளியாசிரியராகிய எமக்கு அச்சுவர்கள்மீது பொறாமை உண்டு. அந்நகரத்தார் நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே உழைப்பர். எத்தொழிலும் அங்கு இழிவன்று. பல தொழில் கற்றவனே உயர்குடியினன். கைவினைஞரைத் தாழ்ந்தோரென்றும், ஒன்றும் செய்யாது ஏவலர் சூழத் திரிவோரை உயர்ந்தோரென்றும் கூறும் பிற நாட்டாரை அவர் எள்ளி நகையாடுவர். இருட்சிறையில் இருந்துகொண்டு இங்ஙனம் எழுதினாரே என்று யாம் உள்ளம் நெகிழ்ந்தோம். ஆயினும், யார் யாரோடு கூடி மகப்பெறுதல் வேண்டும் என்பதையும் அந்நகரத்து அதிகாரிகளே வரையறுப்பர் எனப் படித்தபொழுது அந்நெகிழ்ச்சி குன்றியது. மற்றொரு வரியும் உண்டு. அடிமைகளின் பழக்கம் நகரத்தைக் கெடுத்தலாகாது என்று, போரிற் பிடிபட்டோரை வாயிலிலேயே விற்றுவிடுவராம். அல்லது மதிலுக்கு வெளியே அகழி தோண்டப் பயன்படுத்துவராம். மதிலுக்குள் எல்லாத் தொழிலும் மேன்மை. அகழி மட்டும் வெளியே.

பேக்கன் என்பார் இயற்றி, அவர் 1626-இல் இறந்தபின் வெளிவந்த 'புதிய அட்லாண்டிஸ்' ஆராய்ச்சிக்கூடத்தின் பெருமையே பேசுவதால் அதனைக் கடந்து செல்வோம். பிரெஞ்சு நாட்டு மெர்சியே 1771-இல் ஒரு புதுவழி திறந்தார். தூங்கி விழித்த ஒருவன் 2440-ஆம் ஆண்டின் பாரிஸ் நகரைக் காண்பதாக எழுதினார் அவர். அதுவரை கடலுக்கு அப்பாலிருந்த நன்னாடு அன்றுமுதல் காலத்திற்கு அப்பால் குடியேறியது. தொலைவிலுள்ள தீவைக் கண்டு வியத்தலன்றி வேறு செய்வதற்கில்லை. வருங்காலத்தையோ நாமே சமைக்கலாம் அன்றோ? ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள் ஏட்டை மூடிவிட்டு மண்வெட்டியை எடுத்தனர்.

அங்ஙனம் எடுத்தவருள் முதல்வர் வேல்ஸ் நாட்டு ராபர்ட் ஓவன். ஸ்காட்லாந்து நாட்டில் நியூ லானர்க் என்னுமிடத்து நூலாலையை 1800 முதல் நடத்திவந்த இவர், பத்து வயதிற்குட்பட்ட குழந்தைகளை வேலையினின்று நீக்கினார். 1816-இல் அவ்வாலையூரிற் கல்விக்கூடம் திறந்தார். அதனோடமையாது, அமெரிக்காவில் இந்தியானா நாட்டில் வாபாஷ் ஆற்றங்கரையிலிருந்த ஊரொன்றை ஜெர்மானியச் சமயக் குழுவினரிடமிருந்து 1825-இல் விலைக்கு வாங்கி, 'நியூ ஹார்மனி' எனப் பெயரிட்டு, பொதுவுடைமை வாழ்க்கைக்கு மக்களை அழைத்தார். எண்ணூறு பேர்வரை திரண்டனர். 1826 தொடக்கத்தில் அறிவியலாளரும் ஆசிரியரும் ஒரு படகு நிறைய வந்து இறங்கினர். அதனை 'அறிவுப் படகு' என்றே வரலாறு வழங்குகின்றது. சொற்பொழிவுக்கும் நடனத்திற்கும் குறைவில்லை. கைத்தொழில் வல்லாரும் உழவருமே போதவில்லை. அவ்வாண்டில் அங்குச் சென்ற ஜெர்மானிய இளங்கோ ஒருவர் தம் பயணக் குறிப்பில் ஒரு நிகழ்ச்சியை வரைந்துள்ளார். இளநங்கை ஒருத்தி பியானோ வாசித்து இனிது பாடிக்கொண்டிருந்தாளாம். பால் கறக்கும் முறை அவளுடையது என்றும், பசுக்கள் காத்து நிற்கின்றன என்றும் ஒருவர் வந்து கூற, அவள் கண்ணீர் மல்க எழுந்து, புதிய சமத்துவத்தை நொந்துகொண்டே தொழுவத்திற்குச் சென்றாளாம். 1827-க்குள் அவ்வூர்க் கூட்டுறவு சிதைந்தது.

அந்நங்கையின் கண்ணீரை நினைத்துப் பலரும் நகைப்பர். எமக்கு நகை வரவில்லை. முறை வந்தபொழுது அவள் எழுந்தாவது சென்றாள். எம்மை வருத்தியது வேறொன்று. 1825-இல் வகுத்த அவ்வூர் முதல் அமைப்பு விதியில், கறுப்பினத்தார் நீங்கலாக எவரும் உறுப்பினராகலாம் என்றும், கறுப்பினத்தாரைத் தேவைப்படின் உதவியாளராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதப்பட்டுள்ளது. எல்லார்க்கும் பொதுவென்று எழுப்பிய வீட்டிற்கும் புறவாசல் ஒன்று வைத்தே கட்டினர்.

அதே காலத்தவரான பிரெஞ்சு நாட்டுப் பூரியே, வாணிகர்பாற் பணிபுரிந்து வாழ்ந்தவர். 1,620 பேர் வாழும் கூட்டு மனையொன்றைக் கணக்கிட்டு வரைந்த இவர், அழுக்குப்பணி யாருடையது என்பதற்கு விந்தையான விடையொன்று கண்டார். சிறுவர்க்கு அழுக்கில் இயல்பாகவே விருப்பம் உண்டாதலின், அவரைப் படையாக வகுத்து, சாணம் குப்பை முதலியவற்றை அவர்பால் ஒப்புவித்து, ஊர்வலத்தில் முதலிடமும் பெரியோர் வணக்கமும் அவர்க்கு அளிக்கலாம் என்றார். எமக்குச் சிறுவரோடு இருபது ஆண்டுப் பழக்கம் உண்டு. அவர் சேற்றில் ஆடுவர்; சேற்றைக் கழுவச் சொல்லின் ஓடுவர். ஆயினும், அப்பணி செய்வோரே ஊரில் முதல் மதிப்புப் பெறவேண்டும் என்று கருதிய உள்ளத்தை யாம் போற்றுகின்றோம்.

அமெரிக்கராகிய பெல்லமி 1888-இல் வெளியிட்ட 'பின்னோக்கிப் பார்த்தல்' என்னும் கதை பேரளவில் விற்பனையாயிற்று. அக்கொள்கையைப் பரப்பக் கழகங்களும் எழுந்தன. 1887-இல் உறங்கியவன் 2000-ஆம் ஆண்டிற் கண்விழிக்கின்றான். அந்நாட்டில் இருபத்தொரு வயது முதல் நாற்பத்தைந்து வரை அனைவரும் தொழிற்படையினர். எத்தொழிலுக்கு ஆள் வரவில்லையோ அதற்கு வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டே போவர். முதல் மூன்றாண்டுகள் எவரும் பொதுப்பணி செய்தே தீரவேண்டும். உணவுச்சாலையில் பரிமாறிய இளைஞனது நிமிர்ந்த பண்பைக் கண்டு கதைத்தலைவன் வியப்ப, விருந்தளித்த மருத்துவர், தாமும் நாற்பது ஆண்டுகட்குமுன் அதே கூடத்தில் பரிமாறியவரே என்கின்றார். யாம் ஆராய்ந்த நூல்களுள் அச்சிறுவனுக்கு முகங்கொடுத்துச் சொல்லத்தக்க விடை முதன்முதல் இங்கேதான் கிடைத்தது. இப்படைமுறையை வெறுத்த ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மாரிஸ், 1890-இல் எழுதிய 'எங்குமில்லா ஊரின் செய்திகள்' என்னும் மறுமொழிக் கதையில், வேலை குறையவேண்டியதில்லை, வேலையே இன்பமாதல் வேண்டும் என்றார். அவர் காட்டும் குப்பை வாருவோன் பொற்சரிகை உடுத்துப் பெருமிதமாக வருகின்றான். உடை நன்று, ஆனால் அவன் குப்பை வாருவதை மாரிஸ் நமக்குக் காட்டவில்லை.

நம் நாட்டவரும் இவ்வினத்து நூல் ஒன்று செய்துள்ளார். அது முதலில் வெளிவந்ததும் சென்னையிலேயே என்பது நம்மவர் பலர்க்குப் புதுச்செய்தியாகும். வங்காளத்து இரங்கபூர்ப் பகுதியில் 1880-இல் பிறந்து, கோஷா முறையில் வளர்ந்த ரொக்கையா அம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு', கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்னும் சென்னைத் திங்களிதழில் 1905-இல் அச்சாயிற்று. அதில் வரும் பெண்ணாட்டில் ஆடவரே அந்தப்புரத்தில் அடைபட்டுள்ளனர். பெண்டிர் வெளியே உலவுகின்றனர். அவருடைய பல்கலைக்கழகங்களில் ஒன்று மேகத்தினின்று நீரை இறக்குகின்றது. மற்றொன்று கதிரவன் வெப்பத்தைச் சேமிக்கின்றது. அடுக்களையிற் புகையில்லை, உழவு மின்னாற்றலால் நடைபெறுகின்றது, அலுவல் நாளொன்றுக்கு இரண்டே மணி நேரம். புகைசூழ் அடுக்களையை அறிந்தவர் எழுதிய நன்னாட்டில்தான் அடுக்களைப் புகை நீங்கிற்று! பிளேட்டோவுக்கும் மோருக்கும் அது கண்ணிற் படவில்லை. அம்மையார் கனவோடு நின்றாரல்லர். 1911-இல் கல்கத்தாவிற் பெண்பள்ளி நிறுவி, 1932-இல் இறக்கும்வரை அதனை நடத்தினார்.

அம்மையார் இறந்த அவ்வாண்டிலேயே, ஆங்கிலேயராகிய அல்டஸ் ஹக்ஸ்லி எழுதிய கதையொன்று வெளிவந்தது. அதில் மக்கள் தாய்வயிற்றிற் பிறப்பதில்லை, குப்பியில் வளர்க்கப்படுகின்றனர். கீழ்ப்பணிக்குரியோரைக் கருவிலேயே அறிவு குன்றச் செய்து, அப்பணியையே விரும்புமாறு உறக்கத்திலும் ஓதிப் பழக்குவர். மேல்வகுப்பார் மட்டுமே வாழும் ஊரைச் சைப்ரஸ் தீவில் அமைத்துப் பார்த்ததாகவும், இருபத்திரண்டாயிரவருள் ஒருவரும் தாழ்பணிக்கு இசையாமையால் போர் மூண்டு பத்தொன்பதாயிரவர் மடிந்ததாகவும் அந்நாட்டு ஆள்வோன் கூறுகின்றான். பிளேட்டோ சொல்லச் சொன்ன இரும்புக் கதையை ஹக்ஸ்லியின் நாட்டார் உடலிலேயே எழுதிவிட்டனர். இஃது அச்சுறுத்த எழுதிய நூல்; அச்சுறுத்தவும் செய்கின்றது.

ஏட்டிலன்றி நிலத்தில் இவ்வினாவுக்கு விடை கண்டது, யாம் அறிந்தவரை, தென்னாப்பிரிக்காவிலுள்ள ஒரு பண்ணை. சத்தியாக்கிரகத்திற் சிறை சென்றோருடைய குடும்பங்கள் தங்குதற்கென ஜொஹானஸ்பர்க் நகருக்கு இருபது மைல் தொலைவிற்கு அப்பாலிருந்த 1,100 ஏக்கர் நிலத்தைக் கல்லன்பாக் என்னும் நண்பர் 1910-இல் காந்தியடிகளிடம் ஒப்புவித்தார். டால்ஸ்டாய் பண்ணை என்பது அதன் பெயர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி என்னும் எல்லாரும் அங்கு வாழ்ந்தனர். குஜராத்தியரோடு தமிழரும் இருந்தனர். ஏவலாள் ஒருவரும் இல்லை. சமைத்தல் முதல் மலம் அகற்றுதல் ஈறாக அனைத்தும் அங்கு வாழ்வோரே செய்தனர். வீட்டின் அருகே ஒன்றரையடி ஆழத்தில் குழி தோண்டி, மலத்தை இட்டு மண்ணால் நன்கு மூடுவர். அது நாளடைவில் எருவாகும். கழிவுநீரை வாளியிற் பிடித்து மரங்களுக்கு ஊற்றுவர். ஈத்தொல்லையே இல்லாதிருந்தது என்று அடிகள் எழுதியுள்ளார்.

பண்ணைப் பிள்ளைகளுக்கு அடிகளே தமிழும் கற்பித்தார். தென்னாப்பிரிக்காவிற் பிறந்த தமிழ்ச்சிறுவர் பலர்க்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அடிகளுக்கோ கப்பற்பயணத்திலும் சிறையிலும் போப் ஐயரின் தமிழ்க் கைந்நூலைக் கொண்டு தாமே கற்ற சிறிதளவு தமிழே தெரியும். அதை வைத்துக்கொண்டு எழுத்தும் இலக்கணத் தொடக்கமும் கற்பித்தார். பண்டிதப் பட்டம் பெற்ற யாம் இதனைப் படித்த அன்று சிறிது நேரம் ஒன்றும் எழுதாமல் இருந்தோம்.

இவற்றையெல்லாம் அச்சிறுவனைத் தனியே அழைத்துக் கூறினோம். பெல்லமியின் மருத்துவர் பரிமாறிய செய்தி அவனுக்குப் பிடித்திருந்தது. ஹக்ஸ்லியின் குப்பியைக் கேட்டு முகஞ்சுளித்தான். பண்ணைச் செய்தியை மட்டும் இருமுறை சொல்லச் சொன்னான். பின்னர், "அந்தப் பண்ணை எத்தனை வருஷம் நடந்தது, ஐயா?" என்று கேட்டான். மூன்று ஆண்டிற்கும் குறைவு என்றோம்.